கிராம் அண்ணனின் நட்சத்திரப் பாய்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எடை குறையாமல் தப்பித்த பொருள் ஏதாவது உண்டென்றால், அது கிராம் அண்ணனின் கண்ணில் படாத பொருளாகத்தான் இருக்க வேண்டும். தண்டவாளம் மட்டும் தப்பித்தது. அது கவர்மெண்ட் சொத்து.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளச் சீட்டுக்கும் அவர் மனைவிக்கும்தான் அது தெரியும். பகலில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மாலையிலும் லீவு நாளிலும் காவடி கட்டிக் கொடுப்பவர். எண்பதுகளில், தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே அவருடைய குவார்ட்டர்ஸ் வாசலில் ஆள் நிற்கும். மற்றவர்கள் கட்டும் காவடி இருபத்தைந்து முப்பது கிலோ கனக்கும். இவர் கட்டினால் பதினைந்தைத் தாண்டாது. அலுமினியக் குழாயை அறுப்பார், ராவுவார், வரிசையாக ஓட்டை போடுவார். மூலையில், மூடப்பட்ட நகைக்கடை ஒன்றிலிருந்து வாங்கி வந்த தராசு இருக்கும். ஒவ்வொரு திருகாணியும் அதில் ஏறி இறங்கிய பிறகுதான் காவடியில் ஏறும்.

"கனமா இருந்தாத்தானே அண்ணே நேர்த்திக்கடன்?" என்று ஒருவர் கேட்டார்.

"தோள் வலிச்சா சாமி ஞாபகம் வராதுப்பா. தோள்தான் ஞாபகம் வரும்" என்றார் கிராம் அண்ணன். கேட்டவர் அங்கேயே ஆர்டர் கொடுத்தார்.

காவடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக வெட்டினார். வீட்டுச் சாவியின் தலையை ராவினார். சைக்கிளின் மணி, ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கரண்டிக் காம்புகளில் எல்லாம் ஓட்டை. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா ஒருநாள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "இந்த வீட்டுல ஓட்டை இல்லாத சாமான் என் தாலி ஒண்ணுதான். அதுக்கும் அந்த டிரில்லைத் தூக்கிட்டு வந்தாருன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்!"

பாசாரில் மீன் விற்ற சீனர் இவரைக் கண்டாலே கும்பிடுவார். வாங்கிய இறாலை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒரு மைல் சைக்கிள் மிதித்து வந்து, "பாஸ், ஏழு கிராம் கூடப் போட்டுட்ட" என்று ஒரே ஒரு இறாலைத் திருப்பி வைப்பார். "அம்பில் லா பாஸ், எடுத்துக்கோ லா!" என்று சீனர் கெஞ்சுவார். எடுக்க மாட்டார். குறைத்தாலும் சரியாகக் குறைக்க வேண்டும், கூட்டினாலும் சரியாகக் கூட்ட வேண்டும். அவருடைய மதம் அது.

நான் அவருக்குப் பக்கத்து வரிசையில் ஒரு வாடகை அறையில் மனைவியோடு இருந்தேன். மேருவில் தொழிற்சாலைச் சாமான் ஏற்றி, கிள்ளான் வழியாகக் கோலாலம்பூருக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயம் மட்டும் பட்டப்படிப்பு வரைக்கும் போயிருந்தது. லோரியைக் கிளப்பும் முன் பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்ப்பேன். கிளப்பிய பிறகு, மூன்று முறைதான் மிதித்தோமா என்று கவலைப்படுவேன்.

ஒருநாள் மாலை, அவர் வீட்டுக்குள் முதல்முறையாக நுழைந்தேன். கூடத்தின் ஒரு சுவர் முழுக்க வெள்ளியாக மின்னியது. கட்டில் விரிப்பு இரண்டை ஒட்டிப் போட்ட அகலத்துக்கு, அரச இலை போல நடுங்கும் ஒரு தகடு. துணியா, தாளா, தெரியவில்லை. வேர்த்துக் கொட்டியது. கூரையில் காற்றாடி இருந்தது, சுற்றவில்லை.

"அண்ணே, காத்தாடியப் போடுங்கண்ணே."

"அது ஓடி ரெண்டு வருஷமாச்சு தம்பி" என்றார் அக்கா, சமையற்கட்டிலிருந்து. "ஜன்னலும் திறக்கக் கூடாது. தும்மணும்னா நான் வெளியில போய்த்தான் தும்மிட்டு வரணும்."

பழைய ரேடியோ, டிவியிலிருந்து எடுத்துப் போட்ட கெப்பாசிட்டர் என்ற சின்ன உருளைகளுக்குள் அலுமினியம் பூசிய மெல்லிய நாடா சுருட்டி வைத்திருக்குமாம். ரிப்பேர்க் கடைகளில் செத்துப்போன உருளைகளை வாங்கி வந்து, பிரித்து, நாடாவை நாடாவோடு ஒட்டி, இரண்டு வருடமாக இதைச் செய்துவருகிறார். முடிந்ததும் மொத்தம் முப்பத்தெட்டு கிராம்தான் வருமாம்.

"இது என்னண்ணே?"

"பாய்" என்றார். "கப்பல்ல கட்டுற பாய். நட்சத்திரத்துக்குப் போற கப்பலுக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார்.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கில அறிவியல் சஞ்சிகை ஒன்றில் அவர் அதைப் படித்திருந்தார். அட்டை கிழிந்து, பக்கம் குறைந்து (குறைத்தது அவர் இல்லை என்று சத்தியம் செய்தார்) கிடந்த அதை அகராதி வைத்துக்கொண்டு ஒரு வருடம் படித்தாராம். எனக்கு அதைத் தே தாரிக் கடையில் உட்கார வைத்து விளக்கினார்.

"தம்பி, டேங்க் நிரப்பினா உன் லோரி எது வரைக்கும் போகும்?"

"ஈப்போ போயிட்டுத் திரும்பலாம் அண்ணே."

"ஈப்போவுக்கு அப்பால எண்ணெய்க் கடையே இல்லைன்னா?"

"டேங்கைப் பெருசா வைக்கணும்."

"பெருசா வெச்சா கனம் கூடும். கனத்த இழுக்க இன்னும் எண்ணெய். அந்த எண்ணெயைச் சுமக்க இன்னும் கொஞ்சம் எண்ணெய்."

"இப்படியே போனா சாமான் ஏத்த இடமே இருக்காதேண்ணே!"

மேசையைத் தட்டினார். தேநீர் குதித்தது. "அதான்! ராக்கெட்டுக்கு அதான் வியாதி. அதனால எஞ்சினைக் கிள்ளான்லயே விட்டுட்டுப் போகணும்."

"எஞ்சினை விட்டுட்டு எப்படிண்ணே போறது?"

"கிள்ளான்லேருந்து தள்ளு. வெளிச்சத்தால தள்ளு. லேசர்னு ஒரு வெளிச்சம் இருக்கு. டார்ச்லைட் மாதிரி சட்டுனு விரிஞ்சிடாது, நேராப் போகும். அதைப் பெரிய கண்ணாடி வெச்சு இந்தப் பாய் மேல அடிச்சா, பாய் நகரும்."

"வெளிச்சம் தள்ளுமா?"

"நீ வெயில்ல படுத்துக் கிடந்தா வெயில் உன்னைத் தள்ளுது தம்பி. ஒரு கிராமை ஆயிரமாப் பிரிச்சா அதுல அரைப் பங்கு இருக்கும். உனக்குத் தெரியாது. ஆனா மேல உரசல் கிடையாது. விடாம தள்ளிக்கிட்டே இருந்தா, வெளிச்சத்தோட வேகத்துல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் போயிடலாம். ஒரு பிடி அரிசி கனத்துல கேமரா, ரேடியோ. அவ்வளவுதான் சாமான். ஒரு கிராம் கூடினாலும் அங்க போய்ச் சேர நாள் கூடும்."

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. "பிரேக்?"

"பிரேக் கிடையாது."

"அப்ப நட்சத்திரத்துல போய் மோதிடாதா?"

"பக்கத்துல போய்ப் படம் புடிச்சு அனுப்பிட்டு, அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

"எங்கே?"

"தெரியாது தம்பி."

பிரேக் இல்லாமல், போகுமிடம் தெரியாமல், விநாடிக்கு அறுபதாயிரம் கிலோமீட்டர். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், அவ்வளவு தூரம் போகும் சாமானின் படம் எப்போது வரும் என்று கேட்டேன். போக இருபத்தொரு வருடம், சேதி திரும்பி வர நான்கு வருடத்துக்கு மேல் என்றார். நெருங்கி இருக்கும் நட்சத்திரத்துக்கே அவ்வளவு.

"அதுக்குள்ள உங்களுக்கு எழுபத்தஞ்சு வயசு தாண்டிடுமே அண்ணே. நீங்க பார்க்க வேணாமா?"

"யாராவது பார்ப்பாங்கல்ல?" என்றார், இறாலைத் திருப்பிக் கொடுத்த அதே முகத்தோடு.

லேசரை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒருமுறைதான். கோலாலம்பூரில் நாங்கள் சேர்ந்து போன ஏதோ மேடை நிகழ்ச்சி, ஆட்டக்காரர்களைச் சுற்றிப் பச்சைக் கோடு பாய்ந்தது. எல்லாரும் ஆட்டக்காரியைப் பார்த்தார்கள். இவர் மேடைக்குப் பின்னால் போய், விளக்குக்காரரிடம், "பாஸ், இது எத்தனை வாட்?" என்று கேட்டார். ஐந்து வாட். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார்.

"போதுமாண்ணே?"

"இதே மாதிரி இன்னும் ரெண்டாயிரம் கோடி இருந்தாப் போதும்" என்றார், ஏதோ இரண்டு பாக்கெட் சீனி குறைவதுபோல.

பாயை முடித்ததும் அமெரிக்காவுக்குப் பார்சல் அனுப்புவதாகத் திட்டம். கடிதம்கூட எழுதி வைத்திருந்தார். 'ஐயா, உங்களிடம் லேசர் இருக்கலாம். என்னிடம் பாய் இருக்கிறது' என்று ஆரம்பிக்கும் கடிதம்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி சரோஜாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்தது. பெண் குழந்தை. ஆயிரத்து நானூற்று இருபது கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். என் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தால், பிள்ளை அதற்குப் பின்னால் மறைந்துபோகும்.

வேலை முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும்போது கிராம் அண்ணன் தெருமுனையில் நிற்பார். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. "இன்னிக்கு எத்தனை?"

முதல் நாள் சொன்னேன். குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள், "ஆயிரத்து முந்நூத்திப் பத்து அண்ணே" என்றேன். நூற்றிப் பத்து கிராம் குறைந்திருந்தது. எந்தப் பொருளில் ஒரு கிராம் குறைந்தாலும் குழந்தைபோலச் சிரிக்கும் மனிதர் அவர். அன்று பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதாமல், தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்த மிஸியிடம், அதாவது நர்ஸ் அம்மாவிடம், கேட்டு வந்திருக்கிறார்.

"எல்லாப் பிள்ளைங்களும் முதல்ல கொஞ்சம் இறங்குமாம் தம்பி. தண்ணிக் கனமாம். அப்புறம் ஏறுமாம். மிஸி சொன்னாங்க. ரெண்டு தடவை கேட்டுட்டேன். நீ கவலைப்படாதே."

"நீங்க?"

"நான் மூணாந்தடவை கேட்கப் போறேன்" என்று மறுபடியும் சைக்கிளில் ஏறினார்.

ஏறியது. தினம் பதினைந்து, இருபது கிராம். பாய் மாட்டியிருந்த சுவருக்கு எதிர்ச்சுவரில் வரைபடத் தாள் ஒட்டிப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். அந்த வீட்டில் மேலே ஏறிய கோடு அது ஒன்றுதான். இரண்டு கிலோவைத் தொட்ட அன்று, அக்கா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். இவர் கரண்டியை நிறுத்துப் பார்க்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று, பிள்ளை வீட்டுக்கு வந்தால் பத்துமலைக் குகைக்கோயிலுக்குக் காவடி எடுப்பதாக நான் வேண்டியிருந்தேன். வேண்டும்போது தைரியமாகத்தான் இருந்தது. எனக்குக் கூட்டம் பயம், உயரம் பயம், ஊசி பயம், அங்கிருக்கும் குரங்கு பயம். அடுத்த தைப்பூசத்துக்கு முதுகு வலி என்றேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு பிள்ளைக்கு மாதம் ஒருமுறை இளைப்பு வந்தது. நெஞ்சு ஏறி இறங்கும்போதெல்லாம், நான் ஏமாற்றிய கடன்தான் அந்தச் சின்ன நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். டாக்டர் வேறு காரணம் சொன்னார். என் மனசு கேட்கவில்லை. சரோஜா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணே, இந்த வருஷம் எடுத்தே ஆகணும். கீழே விழாம, இறக்கி வைக்காம, மேல போய்ச் சேரணும். ஆனா அலகு குத்திக்க மாட்டேன். கனமும் தாங்க மாட்டேன்."

கிராம் அண்ணன் என்னை நகைக்கடைத் தராசில் ஏற்ற முடியாததால் கண்ணாலேயே நிறுத்தார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அலுமினிய வளைவு ஒன்று கூடத்தின் நடுவில் நின்றது. அதன் முதுகில், வழக்கமாக மயில் தோகையும் பலகையும் வரும் இடத்தில், வெள்ளியாக அந்தப் பாய். நான்கு வருடப் பாய். மூலைகளில் தூண்டில் நரம்பு கட்டி, விசிறிபோல விரித்திருந்தார். சுவர் காலியாக இருந்தது.

"அண்ணே, இது நட்சத்திரத்துக்கு..."

"நட்சத்திரம் எங்கயும் ஓடிடாது தம்பி. தோகையும் பலகையும் நாலு கிலோ. இது முப்பத்தெட்டு கிராம்." காவடியை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். "மொத்தம் ஆறு கிலோ முந்நூறு. இதுல இனிமே குறைக்க ஒண்ணுமில்ல. மிச்சக் கனம் நீதான்."

அன்றிலிருந்து நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் எனக்கு ரொட்டி சானாய் கிடையாது.

"பால் குடத்தை மட்டும் சின்னதாக்கலாமா அண்ணே?"

"பாலைத் தொடாதே. அது முருகன் கணக்கு."

தைப்பூசத்தன்று முற்பகல். ஆற்றங்கரையில் காவடியைத் தோளில் ஏற்றினார்கள். பக்கத்தில் முப்பது கிலோ தூக்கிய ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இது காவடியா அண்ணே, குடையா?" என்றார். எனக்குக் கவலையில்லை. கூட்டத்துக்கு நடுவில் இறகுபோல நடந்தேன். படியடிவாரத்தில் சரோஜா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு அன்றும் இளைப்பு. அந்தச் சத்தம் மேளத்தையும் மீறி எனக்குக் கேட்டது. இருநூற்று எழுபத்திரண்டு படிகள். ஏற ஆரம்பித்தேன்.

நூறு படி வரைக்கும் குறையே இல்லை. அதற்கு மேல், காற்றை மறைத்த மரங்களும் கடைகளும் கீழே நின்றுவிட்டன. மலையைச் சுற்றிக்கொண்டு, மழைக்கு முன்னால் வரும் காற்று வந்தது.

பாய் விரிந்தது.

நான்கு படிகளை நான் ஏறவில்லை. ஏற்றப்பட்டேன். கால் தரையில் பட்டதும் காற்று திரும்பிக்கொண்டது. இப்போது பின்னால் இழுத்தது. "அண்ணே! அண்ணே! பிடிங்க!" என்று அலறினேன். சுற்றியிருந்தவர்கள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று முடிவு செய்து, "வேல்! வேல்!" என்று முழங்கினார்கள். ஒரு அம்மா குறுக்கே வந்து கும்பிட்டு, "சாமி, என் மவனுக்கு எப்ப வேலை கிடைக்கும்?" என்றார். நான், "தள்ளுங்கம்மா, விழப் போறேன்!" என்றேன். அவர் விபூதிக்குக் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

கிராம் அண்ணன் மூன்று படி கீழேயிருந்து பாய்ந்து வந்து தூண்டில் நரம்புகளைப் பிடித்தார்.

"காத்தை மறந்துட்டேன் தம்பி!"

"காத்தை யாராச்சும் மறப்பாங்களாண்ணே?"

"மேல காத்து கிடையாதே!"

"மேலன்னா எங்கண்ணே?"

"நிலாவுக்கு அந்தாண்ட!"

நான்கு வருடம் காற்றாடி போடாத வீடு. அவர் உருவாக்கிய பாய் அதுவரை ஒரு மூச்சுக்காற்றைக்கூடப் பார்த்ததில்லை. கணக்கில் ஒரு மில்லிகிராம் விடாதவர், காற்று என்ற ஒன்றை முழுதாக விட்டுவிட்டார்.

"கிழிச்சிடவா தம்பி? சொல்லு, ஒரு நொடியில கிழிச்சிடுறேன்" என்றார். நான்கு வருட உழைப்பு. குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

"வேணாண்ணே. காவடி பின்னமாயிடும். பிள்ளைக்கு ஆகாது." எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அங்க கீழ இளைக்குதுண்ணே."

அவர் நான்கு நரம்புகளையும் இரண்டு கைகளில் சுற்றிக்கொண்டார். எனக்குப் பின்னால் இரண்டு படி கீழே நின்றுகொண்டார். "நான் நில்லுன்னா நில்லு. போன்னா போ. திரும்பிப் பார்க்காதே."

காற்று முன்னால் தள்ளும்போது பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடித்தார். காற்று பின்னால் இழுக்கும்போது நரம்பைத் தளர்த்தி, தோளால் என் முதுகை முட்டுக் கொடுத்தார். "நில்லு... நில்லு... போ! ஆறு படி போ! நில்லு!" ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனிதர். நூற்று அறுபது சொச்சம் படி. ஒவ்வொரு படியிலும் நான் விழப்போவதாகவே நினைத்தேன். ஒரு படியிலும் விழவில்லை.

குகைக்குள் நுழைந்ததும் காற்று நின்றது. பாய் அமைதியாக, ஒரு கீறல் இல்லாமல் தொங்கியது. காவடியை இறக்கினார்கள். பாலைக் கொடுத்தேன், அபிஷேகம் நடந்தது. பிள்ளை பெயரைச் சொல்லும்போது என் குரல் வரவில்லை. பின்னாலிருந்து கிராம் அண்ணன்தான் உரக்கச் சொன்னார். பெயரையும் நட்சத்திரத்தையும் சரியாகச் சொன்னார்.

அப்புறம்தான் பார்த்தேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தூண் ஓரமாக நின்றிருந்தார். மஞ்சள் வேட்டியின் பின்பக்கம் சிவந்திருந்தது.

"கையைக் காட்டுங்கண்ணே."

"ஒண்ணுமில்ல லா."

இழுத்துப் பார்த்தேன். தூண்டில் நரம்பு அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் குறுக்கும் நெடுக்குமாக அறுத்திருந்தது.

"கயிறு கட்டியிருந்தா இப்படி ஆகியிருக்காதேண்ணே!"

"கயிறுன்னா பதினெட்டு கிராம் கூடும் தம்பி" என்றார் பரிதாபமாக. பிறகு, "நேர்த்தி நல்லபடியா முடிஞ்சிதுல்ல? குறை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இறுதிப் பரீட்சை எழுதியவர் வாத்தியார் முகத்தைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லண்ணே."

என் தோள் துண்டை இரண்டாகக் கிழித்து அவருடைய கைகளைச் சுற்றிக் கட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. படியெல்லாம் வழுக்கியது. கீழே குடைக்குள் சரோஜாவும் பிள்ளையும் காத்திருந்தது புள்ளியாகத் தெரிந்தது. உயரம் என்றால் தலை சுற்றும் எனக்கு அன்று சுற்றவில்லை. இருநூற்று எழுபத்திரண்டு படியும், அவர் விழுந்துவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தோடு, அவர் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.